ஊசி போட்ட பாட்டில்

ஏம்மா, அந்தப் பையைக் கொஞ்சம் கால் படாம பாத்துக்குங்க. இல்ல, மேல வைக்க வேணாம். மேல வச்சா பிரேக் போடறப்ப உருண்டுடும். குடுங்க, நானே மடியில வச்சுக்கறேன். இது நேராத்தான் நிக்கணும்.

பாட்டில்தான். செக்போஸ்ட்டுல போலீஸ் ஏறிக் கேட்டா நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நான் பேசிக்கறேன். அய்யோ, அப்படிப் பாக்காதீங்கம்மா. பாண்டிச்சேரியிலேர்ந்து சரக்குக் கடத்தற பொம்பளை மாதிரியா தெரியறேன்? உள்ள இருக்கறது ஒரே ஒரு கிளாஸ் ஒயின். அதுவும் முழுசா இருக்குமோ என்னமோ. மிச்சம் காத்து. காத்துகூட இல்லையாம், ஏதோ காஸாம். என் மருமகன் சொல்றாரு.

தங்கச்சி வீட்டுக்குப் போறேன், திருவான்மியூர். எத்தனை நாளைக்குன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது. வீட்டுக்காரரு மேல கோவம். கல்யாணமாகி நாப்பது வருஷத்துல முதல் தடவையா கோச்சுக்கிட்டுக் கிளம்பியிருக்கேன். அடிச்சாரான்னு கேப்பீங்க. அடிக்கல. குடிச்சாரான்னு கேப்பீங்க. அங்கதான் வருது விஷயம். குடிக்கலைன்னு அவரு சொல்றாரு, குடிச்சாருன்னு நான் சொல்றேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, எதிர்காத்துல பேசினா தொண்டை கட்டிக்குது.

என் பேரு மர்சலின். அவரு லெயோன். பொதுப்பணித்துறையில கட்டடத்துக்குப் படம் வரையற வேலை பாத்தாரு, இப்ப ரிட்டையர் ஆயிட்டாரு. எங்க கல்யாணத்துக்கு அவரோட பெரியப்பா பிரான்ஸுலேர்ந்து வந்திருந்தாரு. சொல்தா பெரியப்பான்னு சொல்லுவோம். பிரெஞ்சு பட்டாளத்துல இருந்துட்டு பென்ஷன் வாங்கறவங்களை எங்க ஊருல அப்படித்தான் சொல்றது. அவரு ரெண்டு பாட்டில் சிகப்பு ஒயின் கொண்டாந்தாரு. ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஒட்டிப் பொறந்த மாதிரி ரெண்டு பாட்டில். கோவில்லேர்ந்து வந்து வாசல்ல நிக்கறோம், மாலைகூட கழட்டலை, ஆளுக்கு ஒண்ணா கையில குடுத்து, "கண்ட நேரத்துல குடிச்சிடாதீங்க. ஒரு நல்ல நாள் பாத்துத் தொறங்க"ன்னாரு.

எல்லாரும் போனப்புறம் இவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "மர்சலின், இதை நாம ரெண்டு பேரும் சேந்துதான் குடிக்கணும். நீ இல்லாம நான் இதுல வாய் வைக்க மாட்டேன்"னாரு. நான் கேக்கவே இல்லம்மா. அவரா சொன்னாரு. யாரும் கேக்காம குடுத்த வார்த்தைக்கு மதிப்பு ஜாஸ்தியா இல்லையா, நீங்களே சொல்லுங்க.

என் பாட்டிலை நான் எப்படி வச்சிருந்தேன் தெரியுமா? வீட்டுல நம்ம பீடம் இருக்கு, திருஇருதய ஆண்டவர் படம், அதுக்குக் கீழ ராத்திரி பகல் எரியற சின்ன சிகப்பு பல்பு. அந்தப் பல்புக்குப் பக்கத்துல நிக்க வச்சேன். எங்க கோவிலுக்குப் புதுசா எந்தப் பங்குச் சாமியார் வந்தாலும் கூப்பிட்டு மந்திரிச்சு வாங்குவேன். வாரத்துக்கு ஒரு தடவை துடைப்பேன். பாட்டில் மேல தூசி நின்னதே கிடையாது, லேபிள் அப்படியே புதுசு மாதிரி. இவரு என்ன பண்ணாரு? அவரு பாட்டிலைப் பழைய பனியன் துணியில சுத்தி, படுக்கற ரூமு சுவத்து அலமாரியில, அடித்தட்டுல, இருட்டுல, படுக்கப் போட்டாரு. ஏங்க, கல்யாணத்துக்கு வந்த பொருளை இப்படிக் குடிகாரன் மாதிரி கிடத்தி வச்சிருக்கீங்களேன்னு கேட்டேன். தக்கை நனைஞ்சுக்கிட்டே இருக்கணுமாம். காய்ஞ்சா காத்து உள்ள போயிடுமாம். என்னுதையும் படுக்க வைக்கச் சொன்னாரு. ஆண்டவர் முன்னாடி எப்படிம்மா படுக்க வைக்கறது? வேணாம்னுட்டேன். அப்புறம் அவரு சொல்லல.

நல்ல நாள் வராமலா இருந்துச்சு? வந்துச்சு. ஆனா பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு குறை. பொண்ணு ரொசாலிக்கு ஞானஸ்நானம், அன்னைக்குத் தொறக்கலாம்னாரு. என் அத்தை படுத்த படுக்கையா கிடந்தாங்க, எப்படித் தொறக்கறது? அவ கோவில்ல முதல் தடவையா புதுநன்மை வாங்கின அன்னைக்கு ஒரே மழை, பாதிப் பேரு வரலை. அவ கல்யாணத்துக்குத் தொறக்கலாம்னாரு. மாப்பிள்ளை வீட்டுல எண்பது பேரு. ஆளுக்கு ஒரு சொட்டு குடுத்தாக்கூட எங்க பத்தும்? மொத்தமும் அவங்க வாய்க்குள்ளதான் போகும். இவரு ரிட்டையர் ஆன அன்னைக்கு, அது என்ன சந்தோஷப்படற நாளா? பேரப்பிள்ளை பொறந்துச்சு, எடை கொஞ்சம் கம்மி. தேறட்டும்னேன். தேறுச்சு. தேறினப்புறம் அது ஒரு விசேஷமா என்ன, சாதாரண நாள்தானே.

நான் எதையும் பாழாக்க மாட்டேம்மா. எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. சோபாவுக்குக் கடையில போட்டுக் குடுத்த பிளாஸ்டிக் கவர் இன்னும் கழட்டலை. சீதனமா வந்த பீங்கான் செட்டு ஷோகேஸ்ல அப்படியே இருக்கு, ஒரு கீறல் கிடையாது. இவரு சில நாள் அதுக்கு முன்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருப்பாரு. அவருக்கும் அதுல பெருமைதான்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ரொசாலி லீவுக்கு வந்தா. பிரான்ஸுல லியோன்ங்கற ஊருல இருக்கா. அப்பாவுக்குன்னு ஒரு மெஷின் கொண்டாந்தா. பாக்கறதுக்கு டாக்டர் வச்சிருக்கற சாமான் மாதிரி இருந்துச்சு. நீட்டமா ஒரு ஊசி. தக்கையைப் பிடுங்க வேணாமாம். ஊசியைத் தக்கைக்குள்ள இறக்கி ஒரு அழுத்து அழுத்தினா, காஸ் உள்ள போகுது, ஒயின் வெளிய வருது. வேணுங்கற அளவு ஊத்திக்கிட்டு ஊசியை உருவிட்டா, தக்கை தானா மூடிக்குது. உள்ள இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாதாம், வருஷக்கணக்கா இருக்குமாம். "அம்மா, இனிமே நல்ல நாளுக்காக முழு பாட்டிலைத் தொறக்கணும்னு இல்ல. ஆளுக்கு ஒரு வாய் குடிச்சுட்டு அப்படியே வச்சிடலாம்"னு சொன்னா.

எனக்கு வந்துச்சே கோவம். பாட்டில்னா மூடியிருக்கணும், இல்லைன்னா தொறந்திருக்கணும். மூடியிருக்கற மாதிரி இருந்துக்கிட்டு உள்ள குறைஞ்சுக்கிட்டே போறதுன்னா அதுக்கு என்ன பேரு? எங்க பாட்டில்ல இந்த ஊசி படக்கூடாதுன்னு கண்டிச்சுச் சொல்லிட்டேன். இவரு தலையாட்டினாரு. மெஷினைப் பெட்டியோட வாங்கி, பீங்கான் செட்டுக்குப் பக்கத்துல ஷோகேஸ்ல வச்சேன். பெட்டி நாலு வருஷமும் அங்கயேதான் இருந்துச்சு. உள்ள மெஷின் இருக்கான்னு நான் எதுக்கும்மா தொறந்து பாக்கப்போறேன்?

மரக்காணம் வந்திடுச்சா? இன்னும் இல்லையா. சரி.

முந்தாநாள் ஞாயித்துக்கிழமை எங்களுக்கு நாப்பதாவது கல்யாண நாள். ரொசாலியும் மருமகனும் வந்திருக்காங்க. ரொசாலி போன்லயே சொல்லிட்டா, "இந்தத் தடவையும் தொறக்கலைன்னா நான் டிக்கெட் போட மாட்டேம்மா." சரின்னுட்டேன். நானே சொல்லிட்டேம்மா, தொறக்கலாம்னு. எனக்கும் ஆசை இருக்காதா? நாப்பது வருஷமா நானும்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்! வாத்துக்கறி, பிரியாணி, எல்லாம் ஆச்சு. பூசை முடிஞ்சு பங்குச் சாமியாரும் சாப்பிட வந்தாரு. எங்க வீட்டுல வேலை செய்யற செங்கேணியும் அவ வீட்டுக்குப் போகாம இருந்தா, பரிமாறணுமே. பீங்கான் செட்டை எடுக்கலாமான்னு ரொசாலி கேட்டா. ஒரு நாளைக்கு ஒண்ணு போதும்னு சொல்லிட்டேன்.

நான் என் பாட்டிலை பீடத்துலேர்ந்து எடுத்தாந்தேன். இவரு பனியன் துணியில சுத்தினதைக் கொண்டாந்து மேஜை மேல வச்சாரு. நான் துணியைப் பிரிச்சுத் தூக்கினேன். கனமே இல்லம்மா! வெறும் பாட்டில் தூக்கற மாதிரி இருக்கு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா அடியில கொஞ்சூண்டு. ஆனா தக்கை அப்படியே இருக்கு, மேல சுத்தியிருக்கற தகடு அப்படியே இருக்கு.

எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? அழுகை வந்துச்சு. "ஐயோ, வத்திப் போச்சேங்க! உங்க பாட்டில் வத்திப் போச்சே!"ன்னு இவரு தோளைப் பிடிச்சுக்கிட்டேன். பாவம், படுக்க வச்சதால இப்படி ஆயிடுச்சேன்னு நினைச்சேன். என்னுதுலேர்ந்து உங்களுக்குப் பாதி தரேன், வருத்தப்படாதீங்கன்னுகூட சொன்னேன். சொன்னேம்மா!

ரொசாலி தட்டைப் பாக்கறா. மருமகன் ஃபேனைப் பாக்கறாரு. சாமியார் எதுக்கோ சிலுவை போட்டுக்கறாரு. செங்கேணிதான் பொறுக்க மாட்டாம, "அம்மா, அது வத்தலைம்மா. அய்யா ஊசி போட்டு எடுத்தாரு"ன்னா.

அப்பத்தான் பாத்தேன். அந்தத் தகட்டு மேல கொசு கடிச்ச மாதிரி பொடிப்பொடியா ஓட்டைங்க.

ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு. நான் சனிக்கிழமை சாயந்தரமானா கோவில்ல பீடத்துக்குப் பூ அலங்காரம் பண்ணப் போயிடுவேன். அந்த நேரம்தான் இவங்களுக்குத் திருவிழா. ரொசாலிக்கு வேலை கிடைச்ச சேதி இங்க லீவுல இருக்கறப்பத்தான் வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, முதல்ல போய்ச் சேரு, நிலைக்குதான்னு பாக்கலாம், அப்புறம் சந்தோஷப்படலாம்னு சொல்லிட்டுக் கோவிலுக்குப் போனேன். நான் தெருமுனை திரும்பியிருக்க மாட்டேன், அப்பன் மகளுக்கு ஊத்திக் குடுத்திருக்காரு. செங்கேணி பொண்ணு பன்னெண்டாவது பாஸ் பண்ணப்ப, செங்கேணிக்கு ஒரு வாய். சாமியாருக்குக் குருப்பட்டம் வாங்கி இருவத்தஞ்சு வருஷம் ஆனப்ப, அவருக்கு ஒரு கிளாஸ். இந்த மனுஷன், அந்தப் பங்குச் சாமியார், என் பாட்டிலை மந்திரிச்சுட்டு இவரு பாட்டில்லேர்ந்து குடிச்சிருக்காரு! "சாமி, நீங்களுமா?"ன்னு கேட்டேன். "நல்ல ஒயின்மா"ன்னாரு. அதுவா நான் கேட்டேன்?

எல்லாருக்கும் அதோட ருசி தெரியும். அந்த மேஜையில ருசி தெரியாம நின்னவ நான் ஒருத்திதான். பாதுகாத்தவ நான். என் வீடு, என் கல்யாணம், என் நாள்! ஒருத்தர், ஒரே ஒருத்தர் எனக்குச் சொல்லலியே. அதை நினைச்சாத்தாம்மா நெஞ்சு எரியுது.

இவரைக் கேட்டேன். "நீ இல்லாம வாய் வைக்க மாட்டேன்னு சொன்னீங்களே?" இவரு, "நான் வைக்கல மர்சலின்"னாரு. "நல்ல சேதி வந்தவங்களுக்கு ஊத்திக் குடுத்தேன். நான் குடிக்கல. கடைசி ரெண்டு கிளாஸ் உனக்கும் எனக்கும்னு வச்சிருக்கேன்."

நம்பறீங்களா? நானும் நம்பலை. செங்கேணி மாதா மேல சத்தியம் பண்றா. அவ கிறிஸ்தவ பொண்ணுகூட இல்ல, மாதா மேல சத்தியம் பண்றா. "அய்யா குடிக்கவே மாட்டாரும்மா. எங்களுக்கு ஊத்திட்டு, கிளாஸை மோந்து பாத்துட்டுக் குடுப்பாரு. ஊசி நுனியில நிக்கற சொட்டை மட்டும் விரலால தொட்டு நாக்குல வச்சுக்குவாரு"ன்னா. பாருங்க, மாட்டிக்கிச்சா? சொட்டுன்னா மட்டும் அது ஒயின் இல்லையா? நாலு வருஷத்துச் சொட்டையெல்லாம் சேத்தா எவ்வளவு வரும்?

எனக்கு வெறி வந்துடுச்சு. "என்னுதைத் தொறங்க"ன்னேன். "ஊசி படாத பாட்டிலைத் தொறங்க. தக்கை பிடுங்கற திருகை எடுத்தாந்து முறையாத் தொறங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம். எது ஒயின், எது திருட்டு ஒயின்னு எல்லாருக்கும் தெரியட்டும்." மருமகனுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். ஒரே தோட்டம், ஒரே வருஷம், ஒண்ணு ஊசி, ஒண்ணு திருகு, இப்படி ஒரு சந்தர்ப்பம் யாருக்கும் கிடைக்காது அத்தைன்னு சொல்லிக்கிட்டே கிளாஸைத் துடைச்சு வரிசையா வச்சாரு.

திருகை இறக்கினாங்க. தக்கை வரல. பொலபொலன்னு உதிருது, ரஸ்க்கு மாதிரி. பாதி உள்ள விழுந்துடுச்சு. ரொசாலி டீ வடிகட்டியைக் கொண்டாந்து வடிகட்டினா. சிகப்பா இருக்க வேண்டியது, நேத்து கரைச்சு வச்ச புளித்தண்ணி கலர்ல வருது. வாடை எனக்கு நின்ன இடத்துக்கே வந்துடுச்சு. ஊறுகாய்க்கு ஊத்துவோமே காடி, அந்த வாடை.

ஆளுக்கு ஒரு கிளாஸ் ஊத்தினேன். நானே ஊத்தினேன். என்ன சொன்னாங்க தெரியுமா? சாமியார் ஒரு வாய் வச்சுட்டு, "பரவாயில்லம்மா"ன்னாரு. ரொசாலி, "நல்லாத்தாம்மா இருக்கு"ன்னா, கண்ணுல தண்ணி. மருமகன், "வித்தியாசமா இருக்கு அத்தை"ன்னாரு. செங்கேணி எனக்கு வயிறு சரியில்லைன்னுட்டா. பொய் சொல்றாங்கம்மா, என் முகத்துக்கு நேரா, என் வீட்டுல உக்காந்துக்கிட்டு! நான் ஒரு வாய் வச்சேன், துப்பிட்டேன்.

இவரு கிளாஸை எடுத்தாரு. மூச்சுவிடாம குடிச்சாரு. அடி வரைக்கும். முகம் சுளிக்கலை. கிளாஸைக் கீழ வச்சுட்டு, "நாம சேந்து குடிச்சோம் மர்சலின்"னாரு. நல்லது கெட்டது தெரியாத நாக்கு. இந்த மனுஷனுக்குப் போய் நல்ல ஒயினா?

அப்புறம் மெஷினை எடுத்தாரு. அலமாரிக்குள்ள அவரு சட்டைக்குப் பின்னாடி வச்சிருந்திருக்காரு. ஊசியை இறக்கினாரு, புஸ்ஸுன்னு ஒரு சத்தம், ஒரு கிளாஸ் ஊத்தினாரு. எப்படி இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? நான் குடிக்கல. வாசனை வந்துச்சு, அதைத் தடுக்க முடியுமா? நாவப்பழம் மாதிரி. அப்புறம், பழைய மரபீரோவைத் தொறந்தா வருமே ஒரு வாசனை, பட்டுப்புடவையும் கற்பூரமும் கலந்து, அது மாதிரி. எனக்குக் கல்யாணத்தன்னைக்கு இவரு கையைப் பிடிச்சதுதான் ஞாபகம் வந்துச்சு. அதனால இன்னும் கோவம் வந்துச்சு. மருமகன் ரெண்டு கிளாஸையும் மாத்தி மாத்தி மோந்து பாத்துட்டு, "போன வருஷம் இருந்த மாதிரியே இருக்கு, துளிகூட மாறலை"ன்னு சொல்லிட்டாரு. சொன்னப்புறம்தான் நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. போன வருஷமும் குடிச்சிருக்காருல்ல.

இவரு அந்தக் கிளாஸை என் முன்னாடி நகர்த்தினாரு. "இது உன் பங்கு. உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு, அது என் பங்கு. குடிக்கலாமா?"ன்னாரு.

"திருப்பி உள்ள ஊத்துங்க"ன்னேன்.

"ஊத்த முடியாது மர்சலின். எடுக்கத்தான் முடியும்."

"ஏன் முடியாது? எனக்குத் தெரியாம எடுக்க முடிஞ்சுதுல்ல, எனக்குத் தெரிஞ்சு திருப்பி வைங்க!"

நான் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டேன். மறுநாள் முழுக்க யாரோடயும் பேசலை. இன்னைக்குக் காலையில எழுந்து பாக்கறேன், அந்தக் கிளாஸ் மேஜை மேல அப்படியே இருக்கு, பீங்கான் செட்டுலேர்ந்து ஒரு சாசரை எடுத்து மேல மூடி வச்சிருக்காரு. கேக்காம எடுத்திருக்காரு பாருங்க, என் சாசரை! ரொசாலி சமையல்கட்டுலேர்ந்து சொன்னா, "அம்மா, ஊத்தின ஒயின் தங்காது. அந்தப் பாட்டிலுக்குள்ள இருந்தா எத்தனை வருஷமும் இருக்கும், கிளாஸுக்கு வந்துட்டா அன்னைக்கே குடிச்சிடணும். இப்பவே பாதி போயிருக்கும். இப்பவாவது குடிச்சிடும்மா." நான் பாட்டிலை எடுத்துப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுலேர்ந்து தங்கச்சிக்குப் போன் போட்டேன். அவகிட்டதான் மனசு விட்டுப் பேச முடியும். அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா? "அந்த ஒயின் நல்லா இருக்கும்லக்கா." அவ வீட்டுக்காரரு ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வீட்டுக்கு வந்தாரே, பாக்க வர்றேன்னு எங்க வீட்டுக்கு வந்திருந்தா. அன்னைக்கு, நான் பூ அலங்காரத்துக்குப் போன நேரத்துல அவளுக்கும் ஒரு கிளாஸ்! என் கூடப் பொறந்தவ! பஸ்ஸு கிளம்பற நேரம், டிக்கெட்டும் எடுத்தாச்சு. ஏறிட்டேன். வேற எங்கம்மா போறது?

இருங்க, பஸ் நிக்குது. போலீஸ்காரர் ஏறிட்டாரு. நீங்க பேசாம வெளிய பாருங்க.

வணக்கம் சார். இதுவா? ஒயின் சார். ஆமா, பாண்டிச்சேரிதான். ஒரு பாட்டில்தான் சார், வேற ஒண்ணுமில்ல, பாத்துக்குங்க. புடவை, ஜெபமாலை, மாத்திரை. மெதுவா சார், மெதுவா, நேராப் பிடிங்க. ஆமா, சீல் பிரிக்கலை. ஆமா, உள்ள இல்ல. எப்படின்னு என்னைக் கேட்டா? அதை என் வீட்டுக்காரரைக் கேளுங்க சார். நம்பர் தரட்டுமா? வேணாமா. சரி சார். வரேன் சார்.

போயிட்டாரு. பாத்தீங்களா, அந்தத் தம்பிக்கே ஒரு நிமிஷத்துல தோணுச்சு, சீல் பிரிக்காம எப்படிம்மா குறையும்னு. நாலு வருஷம் பக்கத்துல படுத்திருந்த எனக்குத் தோணலை. நம்பினவ எதுக்கும்மா தூக்கித் தூக்கிப் பாக்கப்போறா?

போன் அடிக்குது. அவருதான். எடுக்கணுமா? எடுக்கறேன், இல்லைன்னா அடிச்சுக்கிட்டே இருப்பாரு.

ம். ம். இன்னும் இல்ல. செக்போஸ்ட் தாண்டியாச்சு. ம். ரொசாலிகிட்ட குடுக்க வேணாம், நான் அப்புறம் பேசறேன். ம். வைக்கறேன்.

சாப்பிட்டியான்னு கேக்கறாரு. கிளாஸ் அப்படியே இருக்காம், சாசரை எடுக்கலையாம், செங்கேணி கழுவப் போனாளாம், தொடாதேன்னுட்டாராம். இன்னைக்கு மூணாவது நாள். இந்நேரம் காடியாத்தான் ஆகியிருக்கும். அதை மூடி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க, பைத்தியம் மாதிரி. குடிக்கத்தான் முடியாதுன்னு தெரியுதுல்ல, எதுக்கு வச்சிருக்கணும்? பாட்டிலைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. உள்ள இருக்கறது அவரு பங்கு, அதைக் கேக்க வேணாமா மனுஷன்?

இல்லம்மா, நான் அழல. காத்து.

என்ன சொன்னீங்க? நானே குடிச்சிடலாமா? ஐயோ, நான் எப்படிக் குடிக்கறது, அவரு இல்லாம? வார்த்தை அவரு குடுத்ததா இருந்தாலும் வார்த்தை வார்த்தைதானே. திரும்பிப் போறதா? கல்பாக்கம் தாண்டப்போறோம், இனிமே எங்க திரும்பறது. அவரு வரட்டும். திருவான்மியூருக்கு வந்து, என் தங்கச்சி முன்னாடி, மர்சலின் என் பங்கைக் குடுன்னு கேக்கட்டும். கேட்டா குடுக்காமலா இருப்பேன்?

இந்தப் பையை இப்படிக் குறுக்கா வச்சுக்கறேன். உங்க மேல இடிக்குதா? காலையிலேர்ந்து நேரா பிடிச்சுப் பிடிச்சுக் கை விட்டுப் போச்சு, அதனாலதான். வேற ஒண்ணுமில்ல. படுத்துக்கிட்டே வரட்டும்.

வருவாரு. போன் பண்ணாருல்ல, வருவாரு. ஆனா வந்த உடனே தொறக்க முடியாதும்மா. அன்னைக்கு நாள் எப்படி இருக்குன்னு பாக்கணும்.